விண்ணிலிருந்து விழும் அணுக்கலம்: தொடாமை, தகவல், இழப்பீடு

விண்கலங்களில் மின்சாரத்துக்கு அணுசக்தி இரண்டு விதமாகப் பயன்படுகிறது. புளூட்டோனியம்-238 சிதையும்போது எழும் வெப்பத்தை மின்சாரமாக்கும் மின்கலம் ஒன்று. வாயேஜர் விண்கலங்களும் செவ்வாய் ஊர்தி கியூரியாசிட்டியும் இயங்குவது இதனால்தான். யுரேனியம்-235ஐப் பிளக்கும் சிறு அணு உலை மற்றொன்று. மனிதருக்கு ஆபத்து வருவது ஏவும்போதும், கலம் திரும்பி விழும்போதும்.

1964 ஏப்ரலில் சுற்றுப்பாதையை எட்டாத ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளிலிருந்து சுமார் 1 கிலோ புளூட்டோனியம் வளிமண்டலத்தில் கலந்தது. எரிந்து பரவட்டும் என்பதே அன்றைய வடிவமைப்பு. அதன் பிறகுதான் உடையாமல் தரையிறங்கும் உறைகள் வந்தன. 1968இல் கலிபோர்னியாக் கடலில் விழுந்த நிம்பஸ் செயற்கைக்கோளின் எரிபொருள் அப்படியே மீட்கப்பட்டு மறுபடியும் பயன்பட்டது.

அணு உலையோடு பறந்த சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள், 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடமேற்கில் சுமார் 600 கி.மீ. நீளத்துக்குச் சிதறியது. தெலோன் ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த குழுவில் இருவர், பனியில் கிடந்த உலோகத் துண்டைக் கண்டார்கள். ஒருவர் கையுறை அணிந்த கையால் தொட்டும் பார்த்தார். பரிசோதனையில் பாதிப்பில்லை என்று தெரிந்தது, அது அதிர்ஷ்டம். மீட்கப்பட்ட இன்னொரு துண்டு, சில மணி நேரம் உடலோடு ஒட்டியிருந்தாலே உயிரைப் பறிக்கும் கதிர்வீச்சைக் கொண்டிருந்தது.

வானிலிருந்து எது விழுந்தாலும் கூட்டம் கூடி, தொட்டு, படம் எடுத்துக்கொள்வது நம் ஊர்களில் வழக்கம். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்தது. அது ராக்கெட்டின் உதிரி, அணுப்பொருள் அதில் இல்லை. ஆனால், பார்த்த மாத்திரத்தில் இதைச் சொல்ல யாராலும் முடியாது. கதிரியக்கத்துக்கு நிறமோ மணமோ கிடையாது. 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்குப் போன கோபால்ட்-60 கருவியைப் பிரித்ததில் ஒருவர் இறந்தார். அது விண்ணிலிருந்து வந்ததல்ல என்றாலும் பாடம் ஒன்றே: தொடக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, காயலான் கடைக்கு விற்கவே கூடாது.

குறைந்தது 30 மீட்டர் தள்ளி, காற்று வீசிவரும் பக்கமாக நிற்க வேண்டும். 112 அல்லது மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் தகவல் சொல்ல வேண்டும். தெரியாமல் தொட்டுவிட்டவர் உடையைக் கழற்றிப் பையில் கட்டிவைத்து, சோப்பு போட்டுக் குளித்து, மருத்துவரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கதிரியக்க அவசரநிலைக்குப் பொறுப்பான துறை அணுசக்தித் துறை. அதன் ஆட்கள் கருவியோடு வந்து அளந்து பார்க்கும்வரை பொருளை யாரும், காவலர் உட்பட, நகர்த்தலாகாது. காவல் நிலையத்துக்குத் தூக்கிச் செல்வது பாதுகாப்பு ஆகாது.

இழப்பீட்டுக்கு வழி, 1972ஆம் ஆண்டின் சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கை. இந்தியா 1979இல் இதில் சேர்ந்தது. தரையில் நேரும் சேதத்துக்கு, ஏவிய நாட்டின் தவறை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இதன்படி தனிமனிதர் நேரடியாகக் கோர முடியாது. அரசுதான் வெளியுறவு அமைச்சகம் மூலம் கோர வேண்டும். சேதம் நேர்ந்த நாளிலிருந்தோ, ஏவிய நாடு எதுவெனத் தெரிந்த நாளிலிருந்தோ ஓராண்டுதான் கெடு. கோப்பு மேசைமேல் தூங்கினால் உரிமை போய்விடும். ஆகவே பாதிக்கப்பட்டவர் முதல் வாரத்திலேயே காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, அரசு மருத்துவமனைச் சான்று, கால்நடை இறந்திருந்தால் கால்நடை மருத்துவரின் அறிக்கை, பட்டா, அடங்கல், தேதியிட்ட படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம். கெடு ஓராண்டுதான் என்பதை மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.

இரு நாடுகளின் பேச்சுவார்த்தை ஓராண்டில் முடியாவிட்டால் மூவர் கொண்ட கோரிக்கை ஆணையத்தை அமைக்கக் கேட்கலாம். காஸ்மோஸ் 954க்காகக் கனடா சோவியத்திடம் சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கோரி, 1981இல் 30 லட்சம் பெற்றது. உடன்படிக்கை சொல்லும் சேதம் உயிர், உடல்நலம், சொத்து ஆகியவற்றின் இழப்பு மட்டுமே. தேடித் துப்புரவு செய்த செலவு அதில் வெளிப்படையாக இல்லை. செலவுக் கணக்கை நாள்வாரியாக வைப்பது அதனால்தான் முக்கியம்.

அணுக்கலத்தை ஏவுமுன் பாதுகாப்பு மதிப்பீட்டை வெளியிட வேண்டும், விழப்போகிறதென்றால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்கின்றன ஐ.நா.வின் 1992ஆம் ஆண்டுக் கோட்பாடுகள். இவை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. உடன்படிக்கையோ, ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்குப் பொருந்தாது. சந்திரயான்-3இன் உந்துகலத்தில் கதிரியக்க வெப்ப அலகுகள் சென்றன, இனியும் செல்லும். இந்தியக் கலம் இந்தியர் வயலில் விழுந்தால் என்ன இழப்பீடு என்று சொல்லும் தனி விண்வெளிச் சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் இயற்றவில்லை.