சீனன்கோட்டைக்குக் கல் வாங்கப் போகுமுன்

கொழும்பிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் 60 கிலோமீற்றருக்குள் பேருவளை வந்துவிடும். கடலுக்குள் நீண்ட முனையில் கெச்சிமலைப் பள்ளிவாசல், பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம், எதிரே சிறு தீவில் வெளிச்சவீடு. கலியாண வீட்டுக்கோ ஸியாரத்துக்கோ நம்மில் பலர் இந்த ஊருக்குப் போய் வந்திருக்கிறோம். ஆனால் அங்குள்ள சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது, அத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்களில் சிலருக்கே தெரியும்.

நான் புடைவைக் கடைக்காரன். மச்சான் ஒருவர் இத்தொழிலில் இருப்பதால் அடிக்கடி அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, கையிலுள்ள காசைக் கல்லில் போட்டால் என்ன என்று கேட்டவர்கள் பலர். இன்றும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நமது கடைகளில் சாமானை அடுக்கிவைத்து வாடிக்கையாளருக்காகக் காத்திருப்போம். அங்கே நிலைமை தலைகீழ். வாங்குபவர் மேசையில் உட்கார்ந்திருப்பார். தரகர்கள் கடதாசியில் மடித்த கற்களோடு அவரிடம் வருவார்கள். ஒருவர் விரிப்பார், விலை சொல்வார், வாங்குபவர் குறைத்துக் கேட்பார், மடித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவார். இலட்சக்கணக்கில் பெறுமதியான கல்லைத் தரகரின் கையில் சொந்தக்காரர் கொடுப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சின் பேரில்தான். ஒருவர் நாணயம் கெட்டார் என்ற பேச்சு வந்துவிட்டால் அதன்பின் அவரிடம் கல் கொடுப்பார் இல்லை. வெளியிலிருந்து போகும் நமக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நம்மை யாருக்கும் தெரியாது, நமக்கும் யாரையும் தெரியாது.

அடுத்தது, கல்லைச் சூடாக்கும் விஷயம். கெவுட என்று ஒருவகைக் கல் உண்டு. பால் கலந்த தண்ணீர்போல மங்கலாக இருக்கும். முன்னொரு காலத்தில் அதற்கு இங்கே பெறுமதியே இருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிப்போய், 1500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினார்கள். அந்த மங்கலுக்குக் காரணமான நுண்ணிய இழைகளில் டைட்டேனியம் இருக்கிறது. சூட்டில் அது கரைந்து, கல்லிலுள்ள இரும்போடு சேரும்போது நீல நிறம் வருகிறது. நாம் சல்லிக்காசுக்கு விற்ற கல் அங்கே நீலமாகி உலகச் சந்தைக்குப் போனது. பின்னர் நம்மவர்களும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள்.

சூடாக்கிய கல்லைச் சூடாக்கியது என்று சொல்லி விற்பதில் பிழை எதுவுமில்லை. உலகச் சந்தையில் விற்பனையாகும் நீலக்கற்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. ஆனால் நெருப்புப் படாத நல்ல கல்லுக்கு விலை பல மடங்கு அதிகம். இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய நம்மால் முடியாது. 2002 அளவில் பெரிலியம் சேர்த்துச் சூடாக்கிய மஞ்சள், செம்மஞ்சள் கற்கள் வெளியே தெரியவந்தபோது பழைய வியாபாரிகளே தடுமாறினார்கள். அதைக் கண்டுபிடிக்க விசேட கருவிகள் வேண்டியிருந்தன. ஆய்வுகூடச் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகைக்குக் கல் வாங்குவது, உறுதிப்பத்திரம் பார்க்காமல் காணி வாங்குவதற்குச் சமம்.

கல் எந்த ஊரது என்பதும் விலையில் சேரும். மடகஸ்காரில் இலகாகா என்ற இடத்தில் 1998இல் நீலக்கல் கிடைத்ததும் நம்மவர்கள் அங்கே போய்க் கொள்வனவு செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கற்களும் பேருவளைக்கு வருகின்றன. இங்கேயே பட்டை தீட்டப்படுகின்றன. எனவே பேருவளையில் வாங்கியதெல்லாம் இலங்கைக் கல் என்று எண்ணிவிட வேண்டாம்.

கல்லை மேசை விளக்கின் கீழ் மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வியாபாரி இதற்கு முகம் சுளிக்கமாட்டார். ஒரு பிளேன்ரீயும் வரவழைப்பார்.

தங்கத்துக்கு ஒவ்வொரு நாளும் விலை அறிவிக்கப்படுகிறது. செட்டியார் தெருவில் எந்தக் கடைக்குள் போனாலும் அரைமணி நேரத்தில் காசாக்கலாம். கல் அப்படியல்ல. மூன்று கரட், அதாவது 600 மில்லிகிராம் எடையுள்ள ஒரே மாதிரியான இரண்டு நீலங்கள், நிறத்திலுள்ள சிறு வித்தியாசத்தால் விலையில் எங்கோ போய்விடும். நமக்குக் காசு தேவைப்படும் நாளில் வாங்குவதற்கு ஆள் வரவேண்டுமே! அடுத்த மாதக் காசோலைக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கல்லில் போட நினைப்பவர்களை நான் தடுத்தே வருகிறேன். ஐந்து வருடம் தொடாமல் வைத்திருக்கக்கூடிய பணம் என்றால் வேறு கதை.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள், தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் கல்லின் வகை, எடை, சூடாக்கியதா இல்லையா என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். நீங்களே அதைத் தொழிலாகச் செய்ய எண்ணினால் உங்களுக்கும் அந்த அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் கல்லும் அதே சபையினூடாகவே போகவேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது.