சும்மா கிடக்கும் நிலமும் லாலாங் புல்லும்



தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களுள் சில, சேமிப்புப் பணத்தையும் நகை விற்ற பணத்தையும் ஒன்று சேர்த்து, அண்ணன் தம்பியாகவோ மாமன் மைத்துனராகவோ கூட்டாக மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என நிலம் வாங்கியிருக்கின்றன. வாங்கிய பிறகு நடப்பது என்ன? பிள்ளைகளுக்குப் பட்டணத்தில் வேலை. வீடு கட்டக் கையில் பணமில்லை. கன்று நட ஆளில்லை. நிலம் சும்மா கிடக்கிறது என்கிறோம். ஆனால் நிலம் ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. முதலில் லாலாங் புல் வருகிறது. பிறகு சென்டுடோக் போன்ற புதர்கள். சில ஆண்டுகளில் அது பெலுக்கார்க் காடாகிவிடுகிறது. அதை மீட்க இயந்திரம் கொண்டுவந்து தள்ள வேண்டும். அந்தச் செலவைக் கேட்டு மலைத்துப்போய், வந்த விலைக்கு நிலத்தைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பாடுபட்டு வாங்கிய நிலம் புல்லினால் கைவிட்டுப் போகலாமா? அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கரை ஆண்டுக்கு எட்டு முறை வெட்டினால்தான் பார்ப்பதற்கு நிலமாக இருக்கும். முதுகில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டும் மெஷினால் அடர்ந்த லாலாங்கை ஓர் ஆள் ஒரு நாளில் அரை ஏக்கர் வெட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை எட்டால் பெருக்கினால் நாற்பது. நாற்பது ஏக்கருக்கு எண்பது ஆள்கூலி. உங்கள் ஊரில் ஓர் ஆளுக்கு எத்தனை வெள்ளி கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெட்ரோல், இரண்டாம் எண்ணெய், தகடு ஆகியவற்றின் செலவு தனி. இந்தக் கணக்கைப் பார்த்தவுடனே, ‘நாமே ஒரு டிராக்டர் வாங்கிவிடலாமே’ என்று தோன்றும். ஐந்து ஏக்கருக்காக டிராக்டர் வாங்குவது, ஒரு குடம் தண்ணீருக்குக் கிணறு வெட்டுவது போன்றது என்பதே எங்கள் எண்ணம்.

இதில் இன்னொன்றும் உண்டு. வெட்டுவதால் லாலாங் சாவதில்லை. அதன் உயிர் இலையில் இல்லை. மண்ணுக்குள் ஓடும் வெள்ளை வேர்த்தண்டில் இருக்கிறது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் அங்கிருந்து புதிய கூர்முனை வந்துகொண்டேயிருக்கும். தீ வைத்தாலும் அப்படித்தான். இலை எரிந்து சாம்பலாகும். மண்ணுக்குள் இருக்கும் தண்டு எரியாது. எரிந்த பிறகு அது பூத்துப் பஞ்சுபோன்ற விதைகளைக் காற்றில் பறக்கவிட்டு, அண்டை நிலத்தையும் பிடித்துக்கொள்ளும். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ்க் குற்றமுமாகும். ஒரு தீக்குச்சி மலிவானதுதான். அதனால் வரும் அபராதம் மலிவானதன்று.

அப்படியானால் லாலாங் எதற்கு அஞ்சும்? நிழலுக்கு அஞ்சும். பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதன்று. கன்று சிறியதாக இருக்கும்போது நிறைகளுக்கு இடையே லாலாங்கை ஒழிக்கப் படாதபாடு பட்டோம். மரம் வளர்ந்து தலைகள் ஒன்றோடொன்று கூடிய பிறகு லாலாங் எங்கே போயிற்று? யாரும் வெட்டவில்லை, நிழலே அதை முடித்தது. ஆகவே நிலம் முழுவதையும் வெட்டிக்கொண்டிருக்கப் பார்க்காமல், கொஞ்ச நிலத்தை வெட்டி, மீதியை மாட்டின் வாய்க்கும் கொடியின் நிழலுக்கும் விட்டுவிடுவதே சிக்கனமான வழி.

வெட்ட வேண்டிய இடம் எது? எல்லையும் குடிசையைச் சுற்றியுள்ள இடமும்தான். ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 467 அடி வரும். நான்கு பக்கமும் உள்ளே 12 அடி அகலத்திற்குப் பாதை விட்டால், அதன் பரப்பு ஏறக்குறைய அரை ஏக்கர்தான். குடிசையையும் கிணற்றையும் சுற்றி இன்னோர் அரை ஏக்கர். ஆக, ஒரு ஏக்கர். எண்பது ஆள்கூலி பதினாறாகக் குறைந்துவிட்டது. அந்த ஓரப்பாதை வேறு வேலையும் செய்யும்: பக்கத்து நிலத்தில் பிடித்த நெருப்பு எளிதில் தாண்டி வராது, எல்லைக்கல் கண்ணில் படும், நிலத்திற்கு ஆள் இருக்கிறது என்பதும் பார்ப்பவர்க்குத் தெரியும். வெட்டும்போது கண்ணாடியும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். தகடு கல்லில் பட்டால் துண்டு துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். பிள்ளைகள் ஐம்பது அடிக்குள் நிற்கக்கூடாது.

மீதி நான்கு ஏக்கருக்கு மாடு. நம்மவர்களுக்கு மாடு வளர்ப்பு சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். இன்றைக்கு என்ன சங்கடமென்றால், மாடு வைத்திருப்பவரிடம் மேய்ச்சல் நிலம் இல்லை. தோட்டத்திற்குள் மாடு விடக்கூடாது என்கிறார்கள். நிலம் வைத்திருப்பவரிடமோ மாடு இல்லை. இந்த இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்த்துவைத்தால் ஒருவருக்குத் தீவனம், மற்றவருக்குப் புல்வெட்டு, இரண்டும் காசில்லாமல்.

ஆனால் முற்றிய லாலாங்கை மாடு தின்னாது; அது ஓலைபோல் கரடானது, சத்தும் இல்லை. இளங்குருத்தைத் தின்னும். அதனால் நான்கு ஏக்கரையும் நான்கு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை மட்டும் வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குருத்து வந்ததும் மாட்டைக் கட்டுங்கள். அதற்குள் அடுத்த துண்டை வெட்டலாம். குருத்து வரவர மேய்ந்துகொண்டேயிருந்தால் வேர்த்தண்டில் சேர்த்துவைத்த சத்து குறையும்; லாலாங் தளர்ந்து, மாடு விரும்பும் மற்றப் புற்கள் தலைதூக்கும். இருபதடிக் கயிற்றில் கட்டிய மாடு சுற்றி மேயும் வட்டம் சுமார் 1,250 சதுர அடி. கயிற்றை நாள்தோறும் இடம் மாற்ற வேண்டும். நிழலும் தண்ணீரும் எட்டுகிற இடமாகப் பார்த்துக் கட்ட வேண்டும். இத்தகைய நிலத்தில் இரண்டு மூன்று மாடுகளுக்குமேல் விட்டால் புல்லோடு மண்ணும் போய்விடும். அவிழ்ந்த மாடு இரவில் சாலைக்கு ஏறினால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாலையில் கொட்டகைக்குக் கொண்டுபோவது மாட்டுக்காரர் பொறுப்பு என்பதை முதல்நாளே பேசிவிடுங்கள்.

பேசினால் மட்டும் போதாது, எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மாடு, எந்த மாதம்வரை, கொட்டகை போடலாமா கூடாதா, வேலி உடைந்தால் யார் கட்டுவது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, பங்காளிகள் அனைவரும் மாட்டுக்காரரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். ‘நம்ம ஆள்தானே’ என்று விட்டுவிட்டுப் பிறகு மனக்கசப்பில் முடிந்த கதைகள் ஏராளம்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஆடு புல்லைவிடப் புதர்த்தழையையே விரும்பும். ஆகவே பெலுக்கார் தலைப்பட்ட நிலத்திற்கு ஆடுதான் ஏற்றது. பனி உலர்ந்தபின் ஒன்பது, பத்து மணிக்கு விட்டால் குடற்புழுத் தொல்லை குறையும். சிக்னல் புல் என்று பல இடங்களில் பரவியிருக்கும் புல்லை மட்டுமே ஆடு தின்றுகொண்டிருந்தால் ஈரல் கெடும். முகமும் காதும் வீங்கும். உண்ணிச்செடியும் நஞ்சுதான். சந்தேகம் வந்தால் கால்நடைச் சேவைத் துறையின் அலுவலகத்தில் கேளுங்கள்.

மாடும் இல்லை, ஆடும் இல்லை என்றால்? வெட்டாமல் சாய்த்துவிடலாம். மூன்று நான்கு அடி நீளப் பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, பலகையைப் புல்லின்மேல் வைத்துக் காலால் மிதித்து முன்னேற வேண்டும். இடுப்பளவு முற்றிய புல்லாக இருப்பது நல்லது. வெட்டிய புல் உடனே துளிர்க்கும். அடியோடு மடங்கிப் படுத்த புல் அவ்வளவு விரைவில் எழாது, தன் அடியையே மூடிக்கொள்ளும். பிலிப்பைன்ஸ் நாட்டின் போகோல் தீவில் 2006இல் தொடங்கிய காடு மீட்புத் திட்டத்தில் இந்தப் பலகை முறையைத்தான் கையாண்டார்கள். பெட்ரோல் வேண்டாம், சத்தமில்லை. முழங்கால் வலி மட்டும் உண்டு.

சாய்த்த நிலத்தில் ஆறடிக்கு ஒரு வரிசையாக மூன்றடி அகலத்திற்கு வேர்த்தண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, மூடுகொடி விதையுங்கள். தோட்டத்தில் இளங்கன்றுகளுக்கு இடையே படரவிட்ட அதே கொடிகள்தாம். கலோபோகோனியம் முதலாண்டு வேகமாகப் படரும். இரண்டாம் ஆண்டு பியூராரியா அதன் இடத்தைப் பிடிக்கும். நிழல் விழத் தொடங்கிய பிறகும் சென்ட்ரோசீமா தாக்குப்பிடிக்கும். மூன்றையும் கலந்தே விதைக்க வேண்டும். விதையின் தோல் கடினமானது. கொதித்த நீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, அதில் விதையைப் போட்டு ஓரிரவு ஊறவைத்தால் நன்றாக முளைக்கும். முக்குனா என்றொரு கொடி 1990களில் இந்திய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இங்கு வந்தது. லாலாங்கை அமுக்குவதில் அதற்கு இணையில்லை. ஆனால் கன்றின்மேல் ஏறி அதையும் அமுக்கிவிடும். வேலி தாண்டிப் பக்கத்து நிலத்திற்கும் போகும். மாதந்தோறும் இழுத்துவிட ஆளில்லாத நிலத்தில் அது வேண்டாம் என்றே சொல்வோம்.

கொடிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப்பார்க்கும் லாலாங்கை, கையுறை அணிந்து, கிளைபோசேட் மருந்தில் நனைத்த துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துவிடலாம். தோட்டத்தில் துடைப்பு வேலை செய்த தாய்மார்களுக்கு இது கைவந்த வேலை. மருந்து கொஞ்சம்தான் செல்லும், கொடியும் சாகாது. பாராகுவாட் மருந்து 2020 சனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி கொட்டகையில் கிடந்தால் தொடவேண்டாம். அது உடலுக்குள் போனால் முறிவு மருந்து கிடையாது.

கொடி மூடிய இடத்தில் மழைக்காலத் தொடக்கத்தில் வாழையோ தென்னையோ பழமரமோ ஆண்டுக்குச் சில கன்றாக நட்டுவாருங்கள். கன்றைச் சுற்றி ஒரு முழ வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். மரநிழல் கூடியபின் வெட்டுவதற்கு மிஞ்சுவது அந்தப் பன்னிரண்டடி ஓரப்பாதைதான். அதற்கு ஆண்டுக்கு எட்டு ஆள்கூலி ஆகும். பங்காளிகள் முறைவைத்து வந்தால் அதுவும் ஆகாது.