மணம் முறிந்தாலும் வழி உண்டு

மாப்பிள்ளை வெளிநாட்டுக் குடிமகன் என்றால் வரன் பேசும்போதே அவரது மதிப்பு ஒரு படி உயர்ந்துவிடுகிறது. வேலை போனாலும் அந்த நாடு அவரைத் திருப்பி அனுப்பாது. பெண்ணுக்கும் நாளடைவில் அங்கே உரிமை கிடைத்துவிடும் என்று பெற்றோர் கணக்கிடுகின்றனர். இந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுப் போகிறது. திருமணமான உடனேயே மனைவிக்குக் குடியுரிமை கிடைத்துவிடுவதில்லை. பல நாடுகளில் அவருக்கு முதலில் கிடைப்பது, கணவரின் பொறுப்பேற்பின் பேரில் வழங்கப்படும் வசிப்பு அனுமதி மட்டுமே. அது நிரந்தரமாவதற்கு முன்பே மணவாழ்க்கை கசந்துபோனால் என்ன ஆகும் என்ற கேள்வியை நிச்சயதார்த்தத்தின்போது யாரும் கேட்பதில்லை.

வேதாரண்யம் வட்டாரத்துக்கு இது தொலைதூரத்து விவகாரம் அன்று. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற காலத்திலிருந்தே காவிரிப் படுகைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் கொள்வினை கொடுப்பினை தொடர்கிறது. தோப்புத்துறை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களில் வெளிநாட்டில் உறவினர் இல்லாத தெரு அரிது. 1983-க்குப் பின்னர் பாக் நீரிணையைக் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களின் உறவினர் பலர் கனடாவிலும் பிரிட்டனிலும் குடியேறினர். கடந்த முப்பது ஆண்டுகளில் தகவல் தொழில்நுட்பப் பணி அமெரிக்காவையும் இந்த வரைபடத்தில் சேர்த்துவிட்டது.

குடும்பத்தை ஒத்துழைப்பும் முரண்பாடும் கலந்த ஓர் அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1990-இல் வெளியான தமது கட்டுரை ஒன்றில் அமர்த்திய சென் விளக்கினார். உறவு முறிந்தால் யாருடைய நிலை அதிகம் மோசமாகுமோ, அவருடைய குரலே வீட்டுக்குள் தாழ்ந்து ஒலிக்கும் என்பது அதன் சாரம். கணவரின் கையொப்பம் இல்லாவிட்டால் நாட்டைவிட்டே வெளியேற நேரிடும் என்று நம்பும் மனைவியின் நிலை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. "ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் அடங்கிப் போவதற்கு.

இதன் மறுபக்கமும் ஆய்வில் தெரியவந்துள்ளது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் கோரினாலே மணமுறிவு கிடைக்கும் என்று சட்டத்தை மாற்றிய அமெரிக்க மாநிலங்களில் குடும்ப வன்முறையும் பெண்களின் தற்கொலையும் குறைந்ததாக, பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் உல்ஃபர்ஸ் ஆகிய பொருளியலாளர்களின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வெளியேற வழி உண்டு என்ற நிலையே, வெளியேறாமல் உள்ளே இருப்பவரையும் காக்கிறது.

குடியேற்றச் சட்டங்களிலும் அத்தகைய வழிகள் உள்ளன. அவை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காலவரம்பு உண்டு. அறியாமையால் அந்தக் காலவரம்பைத் தவறவிடுவதே நம் பெண்கள் சந்திக்கும் பெரும் இழப்பு.

அமெரிக்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். குடிமகனை மணந்தவருக்கு நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) வழங்கப்படும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்திருக்காவிட்டால், அது நிபந்தனைக்கு உட்பட்டதாக இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே தரப்படும். போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. அந்த அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் கணவனும் மனைவியும் கூட்டாக ஐ-751 விண்ணப்பம் அளித்து நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும்.

கணவர் கையொப்பமிட மறுத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. திருமணம் நல்லெண்ணத்துடன் நடந்து பின்னர் மணமுறிவில் முடிந்தது என்றோ, கணவரின் கொடுமைக்கு ஆளானதாகவோ, நாட்டைவிட்டு வெளியேற்றினால் கடும் துன்பம் நேரும் என்றோ காட்டி, மனைவி தனியாகவே விலக்குக் கோரலாம். கொடுமையைக் காரணமாகக் காட்டுவோர் மணமுறிவு பெறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

கிரீன் கார்டுக்கே இன்னும் விண்ணப்பிக்காத நிலையில் கணவரின் கொடுமைக்கு ஆளானவருக்கு 1994-ஆம் ஆண்டின் 'பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம்' துணைநிற்கிறது. கணவர் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால், அவருக்குத் தெரியாமலேயே ஐ-360 படிவத்தின் மூலம் மனைவி தாமே மனுச் செய்யலாம். அந்தத் தகவலைக் கணவரிடம் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. கொடுமையின் காரணமாக மணமுறிவு நேர்ந்திருந்தால், அந்நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். பெயரில் பெண்கள் இருந்தாலும் ஆண்களும் இச்சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம்.

பலரும் அறியாத இன்னொன்று, ஐ-864 என்ற பொறுப்புறுதி ஆவணம். மனைவியை அழைத்துக்கொள்ளும் கணவர், அவரது வருவாய் அந்நாட்டு வறுமைக் கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதாக அதில் உறுதியளிக்கிறார். மணமுறிவால் இந்தக் கடமை நீங்குவதில்லை. மனைவி குடியுரிமை பெறும்வரை அல்லது ஏறத்தாழ பத்து ஆண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும்வரை அது நீடிக்கும். அவர் அந்நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறினாலோ இருவரில் ஒருவர் இறந்தாலோதான் அதற்கு முன்பே முடிவுக்கு வரும். இதனடிப்படையில் மனைவி நீதிமன்றத்தை நாட முடியும்.

ஆனால், நம் பகுதியிலிருந்து அமெரிக்கா செல்லும் பெண்களில் பலரின் கணவர்கள் குடிமக்கள் அல்லர். ஹெச்-1பி விசாவில் பணிபுரிபவர்கள். அவர்களின் மனைவியர் ஹெச்-4 விசாவில் இருக்கின்றனர். மேற்சொன்ன தனி மனு இவர்களுக்குப் பொருந்தாது. கொடுமைக்கு ஆளானோர் பணி அனுமதி கோர ஒரு பிரிவு உண்டு என்றாலும் அதனால் வசிப்புரிமை கிடைத்துவிடாது. மணமுறிவு உறுதியாகும் நாளில் ஹெச்-4 தகுதியும் முடிந்துவிடும். எனவே, மாணவர் விசாவுக்கோ சொந்தப் பணி விசாவுக்கோ மாறும் முயற்சியைத் தீர்ப்புக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். மாப்பிள்ளை குடிமகனா, நிரந்தர வசிப்புரிமை பெற்றவரா, தற்காலிகப் பணியாளரா என்பதைத் திருமணத்துக்கு முன்பே ஆவணத்தோடு கேட்டறிய வேண்டியதன் காரணம் இதுவே.

பிரிட்டனில் குடிமகனின் மனைவி நிரந்தர வசிப்புரிமை பெற ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இடையில் உறவு முறிந்து, அது உள்துறைக்குத் தெரிய வந்தால், எஞ்சிய விசாக் காலம் வழக்கமாக 60 நாள்களாகக் குறைக்கப்படும். அங்கு பிறந்து பிரிட்டன் குடியுரிமை பெற்ற குழந்தை இருந்தால் பெற்றோர் என்ற தகுதியில் விண்ணப்பிக்கலாம். குடும்ப வன்முறையால் உறவு முறிந்திருந்தால், அரசு நிதியுதவி பெறும் உரிமையுடன் மூன்று மாத இடைக்கால அனுமதியும், அதைத் தொடர்ந்து நிரந்தர வசிப்புரிமையும் கோர முடியும். பணத்தைப் பறித்துவைத்து அடக்குவதும் அங்கே வன்முறையாகவே கருதப்படுகிறது. விடுமுறை என்று ஊருக்கு அழைத்து வந்து, மனைவியை இங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவிடும் கணவர்கள் உண்டு. அவ்வாறு கைவிடப்பட்டவர்கள் வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பித்துப் பிரிட்டன் திரும்ப 2024 ஜனவரி முதல் விதிகளில் இடமளிக்கப்பட்டுள்ளது.

கனடா ஒரு பாடத்தைக் கற்று, அதைத் திருத்திக்கொண்ட நாடு. 2012-இல், துணைவர் இரண்டு ஆண்டுகள் கூடி வாழ வேண்டும் என்ற நிபந்தனையை அது விதித்தது. கொடுமையைச் சகித்துக்கொள்ளும் நிலைக்கு மனைவியரை அது தள்ளுகிறது என்ற விமர்சனத்துக்குப் பின்னர் 2017 ஏப்ரலில் நிபந்தனை நீக்கப்பட்டது. உண்மையான திருமணத்தின் வழியாக ஒருமுறை கிடைத்த நிரந்தர வசிப்புரிமை, பிரிந்து வாழ்வதால் மட்டும் அங்கே பறிபோகாது. ஆனால், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கணவர் தம் பொறுப்பேற்பைத் திரும்பப் பெற்றால் அது நின்றுபோகும். அத்தகைய சூழலில் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கு 2019 முதல் கட்டணமில்லாத் தற்காலிக வசிப்பு அனுமதி வழங்கப்படுகிறது.

நமக்கு மிக நெருக்கமான சிங்கப்பூரில் நிலைமை இறுக்கமானது. குடிமகனின் மனைவி நீண்டகால வருகை அனுமதியில் வாழ்கிறார். அதற்குக் கணவரே பொறுப்பாளர். மணமுறிவுக்குப் பின்னர் அங்கே தங்குவது உரிமையன்று. சிங்கப்பூர்க் குடியுரிமை கொண்ட குழந்தையின் பராமரிப்புப் பொறுப்பு தாயிடம் இருந்தால், அவரது கோரிக்கை தனித்தனியாகப் பரிசீலிக்கப்படுகிறது. முஸ்லிம் அல்லாதோருக்குப் பொருந்தும் மாதர் சாசனச் சட்டப்படி, திருமணமான முதல் மூன்று ஆண்டுகளுக்குள், அசாதாரணத் துன்பம் போன்ற காரணங்களைக் காட்டி நீதிமன்ற அனுமதி பெறாமல் மணமுறிவு வழக்குத் தொடுக்க இயலாது. அங்கே குழந்தையின் பராமரிப்பு ஆணையே தாயின் வசிப்பையும் தீர்மானிக்கக்கூடும் என்பதால், அதை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுவதற்கு முன் வழக்குரைஞரைக் கலந்தாலோசிப்பது இன்றியமையாதது.

இந்திய நீதிமன்றங்களும் கதவை மூடிவிடவில்லை. ஒய். நரசிம்ம ராவ் வழக்கில் 1991-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, மனைவி மனமுவந்து உட்படாத வெளிநாட்டு நீதிமன்றம், நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வழங்கும் மணமுறிவு இங்கே செல்லாது. புகுந்த வீட்டுக் கொடுமையால் தாய்வீட்டில் அடைக்கலம் புகுந்த பெண், அந்த ஊரிலேயே புகார் அளிக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019-இல் அதே நீதிமன்றம் கூறியது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படியும், தற்காலிகமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தை அணுக முடியும். டொரண்டோவில் தொடங்கிய துயரத்துக்கு நாகை மாவட்டத்திலேயே நீதி கேட்க இயலும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஆனால், உரிய நேரத்தில் செய்யப்பட வேண்டியவை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். அந்தச் சான்றிதழே எல்லா விண்ணப்பங்களுக்கும் அடித்தளம். கடவுச்சீட்டு, விசா, கணவரின் குடியுரிமை ஆவணம் ஆகியவற்றின் நகல்கள் பெற்றோரிடமும் இருக்க வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், புகைப்படங்கள் போன்றவை, திருமணம் உண்மையானது என்பதற்குச் சான்றாகும். அடி விழுந்தால் மருத்துவரிடமும் காவல் துறையிடமும் பதிவு இருக்க வேண்டும். முகவர் சொல்வதை நம்பிப் பொய் ஆவணம் அளித்தால், இருக்கும் வழியும் அடைபடும். இந்தியத் தூதரகங்கள் சமூக நல நிதியிலிருந்து சட்ட உதவி அளிக்கின்றன. தேசிய மகளிர் ஆணையத்தில் இத்தகைய புகார்களுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்தந்த நாட்டுக் குடியேற்ற வழக்குரைஞரின் ஆலோசனைக்கு மாற்று இல்லை.

பிற நாடுகளிடம் நம் பெண்களுக்கு நியாயம் கேட்கும் நாம், நம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியரை மணந்து இரண்டு ஆண்டுகள் கடந்த வெளிநாட்டவர், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை பெறலாம். மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டையை ரத்து செய்ய, 2015-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் 7டி பிரிவு இடமளிக்கிறது. கொடுமைக்கு ஆளானவர் என்ற விதிவிலக்கு அந்தப் பிரிவில் இல்லை. இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் பெண்ணின் நிலை இன்னும் கடினம். இந்தியரை மணந்து ஏழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர் பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம் என்று சட்டம் சொன்னாலும், உரிய ஆவணமின்றிப் படகில் வந்தவருக்கு 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறை குறுக்கே நிற்கிறது. கணவர் கைவிட்டால் அவருக்கு அமெரிக்காவில் உள்ளதுபோன்ற தனி மனு எதுவும் இல்லை.

வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் பதிவு மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகம் செய்யப்பட்டும் சட்டமாகவில்லை. இதற்கென விரிவான சட்டம் வேண்டும் என்று 2024-இல் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்தச் சட்டத்தை இயற்றுவதோடு, 7டி பிரிவில் கொடுமைக்கு ஆளானோருக்கு விதிவிலக்கு அளிப்பதும் மத்திய அரசின் கடமை. மாநில அரசு இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. திருமணப் பதிவுக்கு வரும் வெளிநாட்டுச் சம்பந்தங்களுக்கு, அந்நாட்டு விதிகளையும் உதவி எண்களையும் தமிழில் அச்சிட்ட ஒரு கையேட்டை அயலகத் தமிழர் நலத் துறை மூலம் பதிவு அலுவலகத்திலேயே வழங்கலாம்.

மகளுக்கு எத்தனை பவுன் போடுவது என்று பல மாதங்கள் ஆலோசிக்கும் பெற்றோர், அவர் எந்த விசாவில் செல்கிறார், அது யாருடைய கையொப்பத்தைச் சார்ந்தது என்பதை அறிய ஒரு நாள் ஒதுக்கினால் போதும். ஆபத்துக் காலத்தில் அந்த அறிவு நகையைவிட அவருக்குத் துணைநிற்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), வேதாரண்யம்.