விண்ணில் விரிய மறுத்த துணி வீடு!

வீடு தயார். ஏற்றிப்போக வண்டிதான் இல்லை! வண்டிக்குக் காத்திருந்த காத்திருப்பில், வீடே வீணாகிவிடுமோ என்ற நிலை வந்துவிட்டது.

இது கதை அல்ல. அமெரிக்காவில் நடந்த உண்மை.

அந்த வீட்டின் பெயர் "பீம்". செங்கல் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. உறுதியான துணியைப் பல அடுக்காக வைத்துச் செய்த வீடு. மடித்தால் 7 அடி நீளம். காற்றை நிரப்பினால் 13 அடி!

துணி வீடு எதற்கு? ராக்கெட்டில் இடம் குறைவு. உலோகத்தால் பெரிய அறை செய்தால் அதில் அடங்காது. துணி என்றால் மடித்துக்கொண்டு போகலாம். மேலே போய் விரித்துக்கொள்ளலாம்.

ஹோட்டல் அதிபரின் ஆசை

இந்த யோசனை முதலில் அமெரிக்க அரசாங்கத்தின் விண்வெளி நிறுவனமான நாசாவுடையது. 2000-ம் ஆண்டில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. ராபர்ட் பிகலோ என்பவர் அதன் உரிமையை வாங்கினார். இவர் லாஸ் வேகாஸ் நகரத்து ஹோட்டல் அதிபர். "விண்வெளியிலும் வீடு கட்டுவேன்" என்று சொந்தப் பணத்தில் இறங்கினார்.

2006 ஜூலை 12-ந் தேதி அவருடைய முதல் சோதனைக் கூடு, "ஜெனிசிஸ்-1", ருஷிய ராக்கெட்டில் பறந்தது. மேலே போய் அழகாக விரிந்தது. ஆனால் 14 நாளில் அதே வகை ராக்கெட் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதனால் இரண்டாவது கூடு மாதக்கணக்கில் காத்திருந்தது. 2007 ஜூன் 28-ந் தேதிதான் அது புறப்பட்டது.

மீண்டும் தடங்கல்

2013-ல் நாசாவே பிகலோவிடம் வந்தது. சுமார் 1 கோடியே 78 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அப்படிச் செய்ததுதான் "பீம்". 2015-ல் அனுப்புவதாக ஏற்பாடு.

2015 ஜூன் 28-ந் தேதி, சாமான் ஏற்றிச் சென்ற ஒரு பால்கன் ராக்கெட் நடுவானில் சிதறியது! உள்ளே ஒரு தாங்குகம்பி முறிந்ததே காரணம் என்று ராக்கெட் கம்பெனி கூறியது. நல்லவேளையாக "பீம்" அதில் இல்லை. அது அடுத்த பயணத்துக்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ராக்கெட்டுகள் நின்றன. வீடும் நின்றது.

மடிப்பு இறுகியது

2016 ஏப்ரல் 8-ந் தேதி "பீம்" புறப்பட்டது. சுமார் 250 மைல் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டது. மே 26-ந் தேதி காற்றைச் செலுத்தினார்கள். சில அங்குலம் நீண்டது. அதற்கு மேல் அசையவில்லை!

காரணம் என்ன? பட்டுச் சேலையை வெகுநாள் பெட்டியில் மடித்து வைத்தால் மடிப்பு இறுகிவிடுகிறது அல்லவா? "பீம்" 15 மாதம் மடிந்தே கிடந்தது. நினைத்ததைவிட 10 மாதம் அதிகம்! அதனால் துணி விறைத்திருக்கலாம் என்றார்கள் நிபுணர்கள்.

அவசரப்பட்டு ஒரேயடியாக ஊதினால் ஆபத்து. காற்றை வெளியேற்றிவிட்டு, இரண்டு நாள் பொறுத்தார்கள்.

மே 28-ந் தேதி ஜெப் வில்லியம்ஸ் என்ற விண்வெளி வீரர் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக 25 தடவை காற்றை விட்டார். மொத்தம் திறந்திருந்தது இரண்டரை நிமிடந்தான்! ஆனால் வேலை 7 மணி நேரம் நடந்தது. உள்ளே கட்டியிருந்த வார்கள், சோளம் பொரிவதுபோல் படபடவென்று அவிழ்ந்தன. வீடு விரிந்தது! ஜூன் 6-ந் தேதி வில்லியம்ஸ் உள்ளே நுழைந்தார்.

கட்டியவர் நிலை

வெள்ளோட்டம் 2 ஆண்டு என்றுதான் திட்டம். வீடு நன்றாக இருந்ததால் அதன் பிறகும் சாமான் அறையாகப் பயன்பட்டது. கட்டியவருக்குத்தான் அதிர்ஷ்டம் இல்லை. 2020 மார்ச்சில் பிகலோ கம்பெனி தன் தொழிலாளர்கள் அனைவரையும் நிறுத்திவிட்டது. 2021 முடிவில் "பீம்" நாசாவின் சொத்தாகிவிட்டது.

தாமதத்தால் இறுகிய மடிப்பு, பொறுமையால் பிரிந்தது. தொழிலில் விழுந்த முடிச்சுத்தான் அவிழவில்லை!