சிகிச்சையில் தவறு நடந்தால்...

1996 ஆகஸ்ட் 30 அன்று சென்னை எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29ஆம் வாரத்திலேயே பிரசவம். எடை 1,250 கிராம். இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் பரிசோதித்தாக வேண்டும். கோளாறு அப்போதே தெரிந்தால் பார்வையைக் காப்பாற்ற வழியுண்டு. அந்தக் குழந்தைக்குப் பரிசோதனை செய்யவில்லை; பெற்றோரிடமும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்துத் தெரிந்தபோது பார்வை போயிருந்தது.

தந்தை வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் தந்தது. அவர் மேல்முறையீடு செய்தார். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது.

சிகிச்சை பலிக்காததெல்லாம் டாக்டரின் குற்றமாகிவிடாது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். ஆத்திரத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைத்தால் வழக்கு நம் மீதுதான் திரும்பும்.

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை சொல்லியிருந்தது. 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணத்தை இன்சூரன்ஸ் கொடுத்தாலும் உரிமை உண்டு. சிலரிடம் கட்டணம் வாங்கி ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால் அந்த ஏழைக்கும் உண்டு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமான மருத்துவமனை மட்டும் இதில் வராது. அதற்கு சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி.

வழக்கின் உயிர் காகிதத்தில் இருக்கிறது. கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துச் சீட்டு, பில் எதையும் எறியாதீர்கள். பிறகு அதே துறையில் வேறொரு டாக்டரிடம் காட்டி எழுத்துப்பூர்வமாகக் கருத்து வாங்குங்கள்; இதுதான் கடினமான வேலை, சக டாக்டருக்கு எதிராக எழுதப் பலர் தயங்குவார்கள். ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து போட்டுவிட்டோமே என்று கலங்க வேண்டாம். அந்தக் கையெழுத்து சிகிச்சைக்கான சம்மதம் மட்டுமே, கவனக்குறைவுக்கு அல்ல.

நம் வீடுகளில் மவுத் நடந்தால் அன்றே அடக்கம் செய்யவே மனம் விரும்புகிறது. பிரேதப் பரிசோதனை என்றாலே உடலை அறுப்பார்களே என்று மறுத்துவிடுகிறோம். அந்த மனநிலை புரிகிறது. ஆனால் மரணத்தில் உண்மையான சந்தேகம் இருந்தால் அடக்கத்துக்கு முன்பே அதைப் பேசி முடிவெடுங்கள். காரணம் தெரியாமல் அடக்கியபின் அதை நிரூபிப்பது மிகவும் கடினம். வேண்டாமென்றே முடிவெடுத்தால் கேஸ் ஷீட்டையாவது உடனே வாங்கிவிடுங்கள்.

பாதிப்பு ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். மருத்துவமனைக்குக் கொடுத்த கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் வரை என்றால் புகார் மனுவுக்குக் கட்டணமே இல்லை. மருத்துவமனை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.