எலிக்குக் கிடைத்த காப்பு

பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டும் சிறுபீளை, மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் யாரும் விதைக்காமலே வளர்கிறது. கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பது பழைய வழக்கம். நெருஞ்சில், மூக்கிரட்டை, நீர்முள்ளி ஆகியவற்றையும் அவ்வாறே குடிப்பதுண்டு. இப்போது இவற்றின் சாறும் பொடியும் வேறொரு வாக்குறுதியோடு விற்கின்றன: சிறுநீரகம் கெடாமல் காக்கும், ரத்தத்தில் ஏறிய கிரியேட்டினின் என்ற கழிவை இறக்கும் என்று. இதற்கு ஆய்வக ஆதாரம் உண்டு என்று விற்பவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த ஆய்வுகள் விடை கண்ட கேள்வி ஒன்று, பொடி வாங்குபவர் கேட்கும் கேள்வி வேறொன்று.

ஆய்வில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லியும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களில் சேர்ந்து அவற்றைச் சிதைக்கக்கூடியவை. இந்த மருந்துகளை எலிகளுக்குச் செலுத்தி, சிறுபீளையை எத்தனாலில் இறக்கி எடுத்த சாற்றையும் கொடுத்துப் பார்த்த ஓர் இந்திய ஆய்வு 2004-இல் வெளியானது. சாறு பெற்ற எலிகளின் ரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் குறைவாக இருந்தன. மூக்கிரட்டையிலும் நெருஞ்சிலிலும் இதுபோன்ற முடிவுகள் வந்துள்ளன. செடியிலுள்ள ஃபிளேவனாய்டு போன்ற பொருள்கள் செல்லுக்குள் எழும் ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தணிப்பதே காரணம் என்று கருதுகிறார்கள். நம்பத்தக்க விளக்கம்தான். ஆனால் அந்த எலி நேற்றுவரை நலமாக இருந்த எலி. நஞ்சு ஏறிய நாள் தெரியும். அதற்கு முன்போ, அடுத்த சில நாட்களுக்குள்ளோ சாறு உள்ளே போய்விடுகிறது. பதினைந்து ஆண்டு சர்க்கரை நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டிகளே தழும்பேறிப் போனவரின் நிலை அதுவல்ல. நுண்குழாய்ச் செல் சிதைந்தால் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். தழும்பு மறைந்து வடிகட்டி திரும்பி வருவதில்லை. எத்தனாலில் இறக்கிய சாறும் வீட்டில் கொதிக்கவைத்த கஷாயமும் ஒன்றல்ல என்பது தனி விஷயம்.

தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது வலுவான மறுப்பு. நீர் பிரிவது, கடுப்புத் தணிவது போல உடனே தெரியும் பலனுக்கு அனுபவம் நல்ல சாட்சிதான். மெதுவாக வரும் கேட்டை அது காண்பதில்லை. சிறுநீரகம் பாதித் திறனை இழக்கும்வரை உடம்பு பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்வதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; நாளடைவில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டதே காரணம். அதன் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்குவதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் நம் கரிசல் காடுகளில் படரும் ஆடுதின்னாப்பாளை. குடற்பூச்சிக்கு மருந்தாகப் பெரியவர்கள் கொடுத்த செடி அது. கொடுத்தவர் யாரும் இருபது ஆண்டு கழித்து வந்த சிறுநீரகக் கோளாற்றை அதனோடு முடிச்சுப் போட்டிருக்க வழியில்லை.

காக்கும் என்று பெயரெடுத்த செடியும் அளவு மீறினால் கெடுக்கலாம். கல் வராமல் தடுக்க நெருஞ்சில் நீரை ஏராளமாகக் குடித்த ஈரானிய இளைஞர் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தேவைப்பட்டதை மருத்துவ இதழொன்று 2010-இல் பதிவு செய்தது. மூக்கிரட்டையில் பொட்டாசியம் மிகுதி. நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். நலிந்த சிறுநீரகத்தில் அது தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஆங்கில மருந்து மட்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லையா என்று கேட்பது நியாயமே. ஜென்டாமைசின் கெடுக்கிறது, ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையும் கெடுக்கிறது. அது தெரிந்திருப்பதால்தான் ஜென்டாமைசின் போடும்போது அளவைக் கணக்கிட்டு, கிரியேட்டினினைச் சோதிக்கிறார்கள். மூலிகைக்கும் அந்தக் கண்காணிப்பைக் கேட்பது சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துவதாகாது. அளவும் பத்தியமும் சுத்திமுறையும் வகுத்த மருத்துவம் அது; கைப்பிடி அள்ளிப் போட்டுக் காய்ச்சும் பழக்கம் அதன் பிள்ளையல்ல.

எலியின் நிலையை ஒத்த மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொள்ளும் புற்றுநோயாளிக்கு நஞ்சு ஏறும் நாளும் நேரமும் முன்கூட்டியே தெரியும். சிறுநீரகத்தைக் காக்க இன்று அவருக்கு முக்கியமாக உப்புநீரைத்தான் ஏற்றுகிறார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் கைகோத்தால், தரப்படுத்திய சிறுபீளைச் சாற்றை இத்தகைய நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கலாம். சிறுநீரகச் செல்லைக் காக்கும் சாறு புற்றுச் செல்லையும் காத்துவிடுமா என்பதை முதலில் ஆய்வகத்தில் தெளிவாக்கிக்கொண்டுதான் நோயாளியிடம் போக வேண்டும். கிரியேட்டினின் ஏறியவர்களோ, இப்போது பொடி எதையேனும் சாப்பிட்டு வந்தால் அதைச் சிறுநீரக மருத்துவரிடம் மறைக்காமல் காட்டி, கிரியேட்டினினோடு பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லலாம்.