சம்மட்டியை யார் தூக்குவது?

கொல்லன் பட்டறை வாசலிலே சற்று நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே!

உலையிலே கரி கனல்கிறது. துருத்தி பெருமூச்சு விடுகிறது. பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறடால் பிடித்துப் பட்டடைமேல் வைக்கிறார் கொல்லர். அவர் மறு கையிலே இருப்பது சின்னச் சுத்தியல். அது 'டிங்' என்று ஓரிடத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்திலே 'டங்' என்று இறங்குகிறது சம்மட்டி! சுத்தியல் இடம் காட்டும்; சம்மட்டி இடி கொடுக்கும். சுத்தியல் ஒருவர் கையில். சம்மட்டி இன்னொருவர் தோளில்!

யார் அந்த இன்னொருவர்? வசதியுள்ள பட்டறையிலே கூலியாள். வசதியில்லாத பட்டறையிலே? கொல்லரின் மனைவி, அல்லது மகன். பள்ளிக்கூடத்துப் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சம்மட்டியை மேலே தூக்கிய மகன்!

நாட்டிலே பேச எவ்வளவோ இருக்க, சம்மட்டியைப் பற்றியா பேசுவது என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சிரிப்பவர் வீட்டுப் பிள்ளை சம்மட்டி தூக்கியதில்லை. தூக்கியவன் வீட்டிலே இது சிரிப்புக்குரிய செய்தியும் அல்ல. ஆகவே பேசுகிறோம்.

அந்தச் சிறுவனின் தோளிலிருந்து சம்மட்டியை இறக்கி வைக்கக்கூடிய இயந்திரம் ஒன்று உண்டு. விசைச் சம்மட்டி என்போம். பட்டறைக்காரர் மொழியிலே பவர் ஹேமர். அதன் கதையிலே நமக்குப் பாடம் இருக்கிறது.

1839-ஆம் ஆண்டு. இங்கிலாந்திலே 'கிரேட் பிரிட்டன்' என்ற பெருங்கப்பலுக்கு ஒரு பெரிய இரும்புத் தண்டு வேண்டியிருந்தது. அத்தனை பருமனான தண்டை அடித்து உருவாக்கும் ஆற்றல் அப்போதிருந்த சம்மட்டி எதற்கும் இல்லை. ஜேம்ஸ் நாஸ்மித் என்பவர் நீராவியால் தூக்கப்படும் சம்மட்டி ஒன்றைத் தம் குறிப்பேட்டிலே வரைந்து காட்டினார். கப்பல்காரர்கள் பிறகு திட்டத்தை மாற்றிக்கொண்டதால், அந்தத் தண்டே தேவைப்படாமல் போயிற்று. படமோ நிலைத்தது. அத்தகைய நீராவிச் சம்மட்டி முதலில் பிரான்சு நாட்டு லெ குருசோ ஆலையிலே உருப்பெற்றது. 1842-ல் நாஸ்மித் இங்கிலாந்திலே அதற்கு உரிமம் பெற்றார்.

இந்த நாஸ்மித் யார் வீட்டுப் பிள்ளை? கொல்லன் வீட்டுப் பிள்ளையா? இல்லை, தோழர்களே! எடின்பரோ நகரத்து ஓவியர் ஒருவரின் மகன்! 'அப்பன் தூரிகை பிடித்தான், நீயும் தூரிகை பிடி' என்று அவருக்கு எவரும் விதி வகுக்கவில்லை. வகுத்திருந்தால் உலகத்துக்கு ஓர் ஓவியர் கூடியிருப்பார். தொழிலுலகம் ஒரு மேதையை இழந்திருக்கும். இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நீராவிச் சம்மட்டி பெரிய ஆலைக்கு வந்தது; பெரிய முதலாளிக்குப் பயன்பட்டது. மூலைப் பட்டறையிலே ஏர்க்கொழு அடிக்கும் கொல்லருக்கு? அவருக்கு நீராவி கட்டுப்படியாகுமா?

அவருக்கும் ஒன்று வந்தது. அமெரிக்காவிலே மின்னசோட்டா மாநிலம்; அங்கே மேன்கேட்டோ என்ற ஊர்; மேயர் சகோதரர்கள் என்போரின் தொழிற்கூடம். அங்கே உருவான சம்மட்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'லிட்டில் ஜெயண்ட்'. சின்ன ராட்சசன்! பெயரே பொருத்தம். 25 பவுண்டு, 50, 100, 250, 500 என்று பல அளவுகள். பவுண்டு என்றது விலையை அல்ல. மேலும் கீழும் பாயும் சம்மட்டித் தலையின் எடையை. மிகச் சிறியதன் தலை ஏறத்தாழ 11 கிலோ.

அது வேலை செய்யும் விதம் எளிது. மோட்டாரிலிருந்து வார் வழியே ஒரு சக்கரம் சுழலும். கீழே கால்மிதி. மிதியை அழுத்தினால் கிளட்ச் பற்றும். சுழற்சி ஸ்பிரிங்கின் வழியாக இறங்கிச் சம்மட்டித் தலையை மேலும் கீழும் ஆட்டும். மெல்ல மிதித்தால் மெல்லத் தட்டும். அழுத்தி மிதித்தால் இடியென இறங்கும். சிறிய சம்மட்டி நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் அடிக்கும். எந்த மகனால் ஆகும் அது? கொல்லர் ஒருவரே குறடு பிடிக்கலாம், ஒருவரே அடிக்கலாம். அமெரிக்க உழவர்களின் ஏர்க்கொழுவைக் காய்ச்சி அடித்துக் கூர்படுத்திய ஊர்ப்பட்டறைகள் பலவற்றிலே இந்தச் சின்ன ராட்சசன் நின்றான்.

காலம் மாறிற்று. டிராக்டர் வந்தது, ஊர்க்கொல்லர் குறைந்தனர். ஆனால் சின்ன ராட்சசன் சாகவில்லை. 1991-க்குப் பிறகு அதன் உதிரிப்பாகத் தொழில் நெப்ராஸ்கா சிட்டி என்ற சிற்றூரிலே ஒரு சிறு பட்டறைக்கு வந்தது. அந்தப் பட்டறை செய்தது என்ன? பெரிய கடைவீதியிலே விளம்பரப் பலகை வைத்ததா? இல்லை. பழைய சம்மட்டி வைத்திருக்கும் கொல்லருக்கு நேராகப் பாகம் விற்றது. விற்றதோடு நில்லாமல், பழுதான சம்மட்டியைப் பிரித்துப் பூட்டுவது எப்படி என்று வகுப்பும் நடத்தியது! 'இரகசியம் எங்களிடம் இருக்கட்டும், பணம் உங்களிடமிருந்து வரட்டும்' என்பது வணிகன் வழக்கு. 'நீயே கற்றுக்கொள்' என்றது இந்தப் பட்டறை.

இன்னொன்றும் சொல்வோம். 1973-ல் அமெரிக்கக் கொல்லர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அத்தகைய கூட்டங்களுக்குச் சம்மட்டி செய்யும் சிறு பட்டறைக்காரர்கள் தம் இயந்திரத்தையே கொண்டுவந்து நிறுத்துவார்கள். வாங்க வந்தவர் இரும்பைக் காய்ச்சி அதன்கீழ் வைத்துப் பார்ப்பார். பிடித்தால் பேச்சு; பிடிக்காவிட்டால் வணக்கம். தரகன் இல்லை. தவணைக்கு ஒரு கமிஷன் கேட்பவன் இல்லை. செய்தவன் முகத்தை வாங்குபவன் பார்க்கிறான். வாங்குபவன் குறையைச் செய்தவன் கேட்கிறான்.

நேர் விற்பனையின் பெருமை விலை குறைவது மட்டுமல்ல, தோழர்களே. குறை போய்ச் சேருகிறது! இடையிலே நான்கு கடை இருந்தால், 'ஸ்பிரிங் முறிகிறது' என்ற தொழிலாளியின் குரல் முதல் கடையிலேயே முறிந்துவிடும். நேரே விற்றால், அடுத்த சம்மட்டியிலே அந்த ஸ்பிரிங் மாறும். உழைப்பவன் சொல்லால் இயந்திரம் வளர்கிறது.

ஆபத்தே இல்லையா? உண்டு, மறைக்க மாட்டோம். சிறு பட்டறை இன்றிருக்கும், நாளை மூடப்படும். முன்பணம் கொடுத்தவர் முக்காடு போட நேரும். ஆகவே வாங்கப் போகும் தோழருக்குச் சொல்கிறோம்: ஓடும் இயந்திரத்தைக் கண்ணால் பாருங்கள். உங்கள் இரும்பை நீங்களே அடித்துப் பாருங்கள். வாரும் பேரிங்கும் நம்மூர்க் கடையிலே கிடைக்கும் அளவுதானா என்று கேளுங்கள். அடியை வாங்கும் பட்டடை, அடிக்கும் தலையைப்போலப் பத்து மடங்காவது கனக்க வேண்டும். இல்லையேல் அடியின் வலுவைத் தரை தின்னும். அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடாமல் ஓட்டாதீர்கள். ஸ்பிரிங் முறிந்தால் துண்டு பறக்கும்; அதன்மேல் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குறட்டின் பிடியை வயிற்றுக்கு நேரே வைக்காதீர்கள், பக்கவாட்டில் வையுங்கள். காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் ஆடம்பரமல்ல.

'இயந்திரம் வந்தால் சம்மட்டி அடிக்கும் கூலியாள் என்னாவான்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவருக்கு வேலை போகக்கூடும். ஆகவே அவரையும் அந்த இயந்திரத்தை ஓட்டப் பழக்க வேண்டும். பழக்கும் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். ஆனால் அதற்காக இயந்திரமே வேண்டாம் என்பதா? இயந்திரத்தைப் பகை என்று பேசியவர்கள் உண்டு. பெரியார் அப்படிப் பேசவில்லை. 'இனிவரும் உலகம்' என்று நூல் எழுதி, உழைப்பின் சுமையை அறிவு இறக்கி வைக்கும் காலத்தைக் கனவு கண்டவர் அவர். கேள்வி இயந்திரம் வேண்டுமா என்பதல்ல. இயந்திரம் யாருடையது என்பதே!

இப்போது அந்தச் சிறுவனிடம் வருவோம்.

1953-ல் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொணர்ந்தார். பள்ளியிலே அரைநேரம்; மீதி நேரம் அப்பனுடைய தொழில். கொல்லன் மகனுக்கு அரைநேரம் அகரம், அரைநேரம் சம்மட்டி! குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுத் தமிழகம் கொதித்தது. திராவிட இயக்கத்தார் சிறை புகுந்தனர். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

போயிற்று என்றிருந்தோம். 2023-ல் ஒன்றிய அரசு 'விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், அவற்றிலே கொல்லுத் தொழிலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய். முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். கடனை நாம் குறை கூறவில்லை. ஆனால் குடும்பம் வழிவழியாகச் செய்த தொழிலாக இருக்க வேண்டும் என்றும், 18 வயது நிரம்பினால் போதும் என்றும் அமைத்தார்களே, அதைத்தான் குறை கூறுகிறோம். 18 வயது என்ன வயது? கல்லூரி வாசலிலே நிற்கும் வயது! அங்கே நிற்பவனைக் கூப்பிட்டு, 'உன் பாட்டன் சம்மட்டி பட்டறையிலே இருக்கிறது, எடு' என்பதா? குடும்பத் தொழில் என்ற கட்டை நீக்குக, குறைந்த வயதை 35 ஆக்குக என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றியம் இணங்கவில்லை. 2024 நவம்பரில், இந்த வடிவிலே அத்திட்டத்தை ஏற்பதற்கில்லை என்று தமிழ்நாடு எழுதிற்று. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம், குறைந்த வயது 35. எந்தக் குடும்பத்திலே பிறந்தாய் என்ற கேள்வி அதிலே இல்லை.

திட்டம் ஏட்டிலே இருந்தால் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். கடன் வாங்கிய கொல்லர் அதைக் கொண்டு இன்னொரு சம்மட்டிக் கட்டையா வாங்குவது? விசைச் சம்மட்டி வாங்கட்டும்! ஒருவரால் ஆகாதெனில் நால்வர் கூடி வாங்கட்டும். தரகனிடம் போகாமல், செய்யும் பட்டறைக்கே நேரே போய் வாங்கட்டும். கிளைக் கழகத் தோழர்களே, உங்கள் ஊர்ப் பட்டறையிலே மகன் சம்மட்டி தூக்குகிறானா என்று பாருங்கள். தூக்கினால், அந்த வீட்டுக்கு விண்ணப்பத் தாளோடு போங்கள். மேடைப் பேச்சைவிட அது மேலான தொண்டு.

கொல்லுத் தொழில் இழிந்தது என்று நாம் சொல்லவில்லை. விரும்பிச் செய்பவன் செய்யட்டும்; ஓவியன் மகனும் செய்யட்டும். விரும்பாதவன் தலையிலே பிறப்பைக் காட்டிக் கட்டாதே என்கிறோம்.

சம்மட்டியை யார் தூக்குவது? விசை தூக்கட்டும்!

சிறுவன் புத்தகத்தைத் தூக்கட்டும்!